குமிழி பார்க்கிறவன்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள். ஸ்கேன் எடுக்கும் டொக்டரம்மா. சிங்களவர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஒரு நர்ஸ் மிஸ். பதுளை டவுனில் பிறந்த முஸ்லிம் பெண். என் மகள். பதுளையில் துணிக்கடையில் நிற்கிறாள், அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். என் மனைவி. கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். இடது கையில் மருந்து ஏற்றும் குழாயைக் குத்தி பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பிறகு நான். கதவுப் பக்கம் நின்றேன். அங்கே நிற்கச் சொன்னார்கள்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்திருந்தோம். விடியுமுன் பஸ் ஏறி, பசறையில் மாறி, பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்தோம். வளைவுகளில் அவள் இரண்டு தடவை குமட்டினாள். ஒன்றும் வரவில்லை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. கொழுந்துப் பை நிறைந்தால் கூடும். பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சீனி வருத்தத்துக்கு, சர்க்கரை நோய்க்கு, மருந்து எடுக்கப் போன இடத்தில் சொன்னாள். அவர்கள் வயிற்றை அமுக்கிப் பார்த்து ஸ்கேனுக்கு எழுதினார்கள். சாதாரண ஸ்கேனில் ஈரலில் ஒரு கறுப்புத் தெரிந்தது. வடிவாக, விளக்கமாகப் பார்க்க இந்த டொக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் மாதத்தில் ஒரு நாள்தான் பதுளைக்கு வருவார்.

"ஒண்ணு தெரியுது" என்றார் டொக்டரம்மா. "கெட்டதா, இல்லையா, தெரியல்ல. இன்னும் இருக்கா, அதும் தெரியல்ல. இன்னைக்குத் தெரியும்."

"கெட்டதா இருந்தா?" என்று மகள் கேட்டாள்.

"சின்னதா, மூணு வரைக்கும் இருந்தா, ஊசி விட்டு சுட்டுடலாம். கண்டிக்கு அனுப்புவேன். மூணுக்கு மேல போனா சுட ஏலாது. விழுங்குற குளிசை மட்டும்."

"குளிசையில கொணமாகுமா?"

டொக்டரம்மா மிஷினைத் துடைத்தார். "ஆயுசு கொஞ்ச நாள் கூடும்" என்றார்.

மனைவி மேலே பார்த்தபடி, "மூணுக்குள்ளதான் இருக்கும்" என்றாள். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் கிலோவைச் சொல்வாள். அதே குரல்.

நர்ஸ் மிஸ் ஒரு சிறிய போத்தலை எடுத்தார். அடியில் கொஞ்சம் தூள் இருந்தது. அதற்குள் தண்ணீர் மாதிரி ஒன்றை ஏற்றிக் குலுக்கினார். பால் போல வெளுத்தது.

"அது என்னா மிஸ்?" என்று கேட்டேன்.

"குமிழி, ஐயா."

எனக்கு விளங்கவில்லை. அவர் போத்தலைத் தூக்கிக் காட்டினார்.

"காத்துக் குமிழி மாதிரி. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. ரத்தத்தோட போய் ஈரலுக்குள்ள நிக்கும். மிஷின்ட சத்தம் பட்டா மின்னும். கட்டி எங்கெங்க இருக்குன்னு வடிவா தெரியும்."

"எத்தன குமிழி?"

"எண்ண ஏலுமா? கோடிக்கணக்குல இருக்கும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கதவை விட்டு ஓர் அடி முன்னால் வந்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆள் யாருக்காவது சேலைன் ஏற்றினால், பக்கத்தில் ஒருவர் உட்காருவது வழக்கம். குழாயில் காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்க்க. வந்தால் விரலால் சுண்டி மேலே ஏற்ற வேண்டும். ஏறாவிட்டால் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு மிஸ்ஸைக் கூப்பிட வேண்டும். குமிழி கைக்குள் போனால் நெஞ்சுக்குப் போய் ஆளை முடித்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். முதலில் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது.

என் அண்ணனுக்கு இருபத்தெட்டு வயதில் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். குமிழி பார்க்க நான் உட்கார்ந்தேன். மத்தியான வெயில். கண் அசந்துவிட்டது. விழித்தபோது அரிசி அளவு ஒரு குமிழி கடைசி முழத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டுவதற்குள் பிளாஸ்டருக்கு உள்ளே போய்விட்டது. அன்று சாயங்காலம் அண்ணன் செத்தான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து வெகு நாள் கழித்து மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள், "சரி விடுங்க" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசியதில்லை.

அண்ணன் போன பின் யாருக்குச் சேலைன் என்றாலும் நானே போனேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது என் வேலை. வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடப்பேன். முப்பத்தொரு வருடம். ஆட்கள் வீட்டுக்கு வந்து, "கொஞ்சம் குமிழி பாக்க வாங்கண்ணே" என்று கூப்பிடுவார்கள். மற்றபடி எனக்குத் தோட்டத்தில் ஒரு பெயரும் கிடையாது.

என் கண் முன்னால் பிறகு ஒரு குமிழியும் போனதில்லை.

நர்ஸ் மிஸ் அந்தப் பாலை ஊசியில் இழுத்தார். மனைவியின் கையில் இருந்த குழாயில் பொருத்தினார்.

"நிப்பாட்டுங்க" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. அல்லது சத்தம் என் வாயைவிட்டு வரவில்லை. நான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். மற்றக் கையால் பிளாஸ்டரைப் பிய்த்துக் குழாயை உருவினேன். இரத்தம் விரிப்பில் தெறித்தது.

"அப்பா! என்னா செய்றீங்க!"

"கொல்லப் பாக்குறாங்க."

"பைத்தியமா ஒங்களுக்கு? மிஸ்ஸோட கைய விடுங்கப்பா!"

டொக்டரம்மா எழும்பினார். "ஐயா, இது மருந்து. இதால சாக மாட்டாங்க."

"காத்த ஏத்துறது மருந்தா?"

"இது வேற காத்து. நான் சொல்றன், இருங்க."

நான் இருக்கவில்லை. மனைவியைப் பார்த்து, "எழும்பு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். டொக்டரம்மாவைப் பார்த்தாள். எழும்பினாள். அண்ணன் கதை அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். என்னோடு வந்தது அதற்காகத்தான். அந்தக் கதை தெரியாதிருந்தால் அங்கேயே படுத்திருப்பாள்.

வாசலில் டொக்டரம்மா மகளிடம், "அடுத்த மாசம் வருவேன். எப்படியாவது கூட்டிட்டு வாங்க" என்றார்.

பசறை பஸ்ஸில் அவள் பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"கை வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல. கவ்வாத்துக் கத்தியயும் கொண்டாந்திருந்தீங்கன்னா கொழாயக் கையோட வெட்டி எடுத்திருக்கலாம்."

சிரிக்கவில்லை. சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

அடுத்த மாதம் மகள் நாலு தடவை போன் எடுத்தாள். வேண்டாம் என்றேன். "அம்மாகிட்ட குடுங்க" என்றாள். கொடுத்தேன். மனைவி, "அப்பா சொல்றாரே" என்று மட்டும் சொன்னாள். டொக்டரம்மா பதுளைக்கு வந்துவிட்டுப் போனார்.

மனைவி காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுவாள். எடை குறைந்துகொண்டு வந்தது. கொழுந்தின் எடை, அவள் எடை, இரண்டும். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அப்படி இருக்கும்போது சொன்னாள்.

"தோட்டத்துல உள்ள எல்லார் கொழாயயும் பாத்தீங்க. என் ஈரல பாக்க ஒருத்திய விட மாட்றீங்க."

"பேசாம சாப்புடு."

"நான் பேசல. ஈரல்தான் பேசுது."

தட்டை எடுத்துக்கொண்டு, தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு டெங்கு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் புருஷன் கொழும்பில் வேலை. அவள் மாமியார் வந்து என்னைக் கூப்பிட்டாள். போனேன். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மூன்று மணி இருக்கும். அங்குள்ள மிஸ் சேலைன் போத்தலை மாற்றினார். மாற்றும்போது குழாயில் காற்று ஏறிவிட்டது. அவர் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகுதான் கண்டேன். அரிசி அளவு இல்லை. என் சுண்டுவிரல் நீளம். சுண்டினேன். ஏறவில்லை. திரும்பவும் சுண்டினேன். இறங்கியது. குழாயை மடிக்கப் போனேன். விரல் வேர்த்து வழுக்கியது.

போய்விட்டது. கைக்குள்.

சத்தம் போட வாய் திறந்தேன். வரவில்லை. அவள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்னண்ணே, பேயக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. நெஞ்சு எப்பிடி இருக்கு?"

"நெஞ்சுக்கு என்னா? வாய்தான் கசக்குது. கீழ கடையில பணிஸ் இருந்தா ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்."

நான் போய்ப் பணிஸ் வாங்கி வந்தேன். அவள் தின்றாள். கடைசி வாய் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல, இப்பிடி பாக்குறதுக்கு" என்றாள்.

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். குமிழி போய்விட்டது, பெரியது, என் கையால் நிறுத்த முடியவில்லை என்று. அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"அந்தளவு காத்துல ஒண்ணும் ஆகாது. நீங்க பாக்காத நேரம் எத்தனையோ போயிருக்கும்."

"எத்தனையோவா?"

"ஆமா. நீங்க வந்து ஒக்காந்தா நோயாளிக்குத் தைரியமா இருக்கு. அதான் நாங்க ஒண்ணும் சொல்றதில்ல."

அந்தப் பெண் மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

மிஸ் சொன்ன அன்றே நான் வீட்டுக்கு வந்தேன். மனைவி போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பதுளைக்குப் போவோம்" என்றேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "எந்தச் சேல கட்டுறது?" என்றாள். மகளுக்குப் போன் எடுத்தேன். டொக்டரம்மா வர இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் அவள் வேலைக்குப் போனாள். நான் போகவில்லை. போனாலும் செடி கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் ஒன்பது வாரம்.

அதே அறை. அதே ஆட்கள். நர்ஸ் மிஸ் என்னைக் கண்டதும் கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"மிஸ், அன்னைக்கு கையப் புடிச்சிட்டேன்" என்றேன்.

"மூணு நாள் நீலமா கெடந்திச்சு ஐயா. எங்க வீட்டுக்காரர் கேட்டார், யாரு புது வளையல் போட்டு விட்டதுன்னு."

மனைவி சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன். அவள் முகத்தில் எலும்பு தெரிந்தது.

டொக்டரம்மா என்னை ஏசவில்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான்தான் கேட்டேன்.

"அம்மா, சேலைன் கொழாயில அரிசி அளவு குமிழி போனா ஆள் சாகுமா?"

"நெறைய காத்து போனா ஆபத்து. அரிசி அளவு, இல்ல. யாருக்குப் போனது?"

"என் அண்ணனுக்கு."

"என்ன வருத்தம்?"

சொன்னேன். காய்ச்சல். கண் மஞ்சள். மூத்திரம் நின்றுபோனது. வடிகால் கான் வெட்டுகிற வேலை, எந்நேரமும் சேற்றுத் தண்ணீர்.

"எலிக்காய்ச்சலா இருக்கும்" என்றார். "எத்தனாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்க?"

"ஆறாம் நாள்."

"பிந்திட்டுது" என்றார். கையுறையை மாட்டினார். மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். முப்பத்தொரு வருடத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நர்ஸ் மிஸ் போத்தலைக் குலுக்கினார். டொக்டரம்மா இந்தத் தடவை எனக்காகவே சொன்னார். குமிழிக்கு மேல் மெல்லிய தோல் ஒன்று இருக்கிறதாம். இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுவைவிடச் சின்னதாம். அதனால் எங்கேயும் அடைக்காதாம். கொஞ்ச நேரத்தில் உடைந்து, உள்ளே இருக்கும் வாயு மூச்சோடு வெளியே போய்விடுமாம்.

"இதையும் விட பொடிசு செய்றாங்க, வெளிநாட்டுல" என்றார். "நனோக் குமிழி. இது ரத்தக் குழாய்க்குள்ள மட்டும்தான் ஓடும். அது குழாய விட்டு வெளிய கசிஞ்சு கட்டிக்குள்ளயே போகும். அதோட மருந்து ஏத்தி அனுப்புவாங்க. போய்ச் சேர்ந்த பிறகு வெளிய இருந்து இந்த சத்தத்தக் கூட்டினா வெடிக்கும். மருந்து கட்டியில மட்டும் கொட்டும். மத்த ஒடம்புக்குக் கஷ்டம் கொறையும்."

"சத்தமா?" என்றாள் மனைவி. "ஒண்ணும் கேக்கலையே."

"காதுக்குக் கேக்காத சத்தம்."

"ஓ. கூர ஒழுகுதுன்னு நாங்க தொரைகிட்ட சொல்ற சத்தம் மாதிரி."

நர்ஸ் மிஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அந்தக் குமிழி இங்க இருக்கா?" என்று மகள் கேட்டாள்.

"இல்ல. இன்னும் சோதிச்சுப் பார்க்கிறாங்க. எப்ப வரும்னு எனக்குத் தெரியாது."

"வந்தா சொல்லி அனுப்புங்க" என்றாள் மனைவி. "இவரக் காவலுக்கு அனுப்புறேன்."

ஊசியைப் பொருத்தினார்கள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தது. பால் குழாய்க்குள் இறங்கியது. அவள் கைக்குள் போனது. பின்னாலேயே கொஞ்சம் சேலைன் தள்ளினார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, "இருக்கேன்" என்றாள்.

திரையில் முதலில் கறுப்பு மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு வெள்ளைக் கோடு வந்தது. அது பிரிந்தது. பிரிந்தது திரும்பவும் பிரிந்தது. கவ்வாத்து வெட்டிய செடி மாதிரி கிளை கிளையாக நின்றது. அவளுக்குள் அப்படி ஒரு செடி இருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். நடுவில் ஓர் இடம் மற்றதற்கு முந்திப் பளிச்சென்று வெளுத்தது.

டொக்டரம்மா அந்த இடத்தைப் பார்த்தபடி இருந்தார். "கெட்டதுதான்னு நெனைக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னார். "இன்னும் பார்க்க வேணும். இப்ப ஈரல் முழுக்க வெள்ளையாகும். நல்ல எடம் வெள்ளையா நிக்கும். கட்டி இருக்கிற எடத்துல குமிழி நிக்காது. கறுத்துடும். கறுத்தத எண்ணுவேன்."

காத்திருந்தோம். திரை முழுவதும் காலைப் பனி மாதிரி வெள்ளை பரவி நின்றது. முதலில் பளிச்சென்றிருந்த இடம் மங்கியது. பிறகு ஓட்டை விழுந்த மாதிரி கறுத்தது.

"முந்தி பாத்திருந்தா..." என்று மகள் தொடங்கினாள்.

"தெரியாது" என்றார் டொக்டரம்மா. "முந்தி எத்தனை இருந்தது, யாருக்கும் தெரியாது."

அவர் சொன்னது சரி. நான் பார்க்க விடவில்லை.

"மூச்ச இழுத்துப் பிடிங்க."

மனைவி பிடித்தாள். டொக்டரம்மா கருவியை விலாவின் கீழே அழுத்தி நகர்த்தினார். முதல் கறுப்பில் நிறுத்தி விசையை அழுத்தினார். திரையில் சிறிய சிலுவைக் குறி விழுந்தது. கொஞ்சம் நகர்த்தினார். அடுத்தது. அது சின்னது, மிளகு அளவு. குறி விழுந்தது. மூச்சை விடச் சொன்னார். திரும்பப் பிடிக்கச் சொன்னார். ஓரத்தில் இன்னொன்று. குறி விழுந்தது.

கை நின்றது.

"முடிஞ்சிதா?" என்று மனைவி கேட்டாள்.

"இன்னும் ஒரு பக்கம். இடது பக்கமா சரிஞ்சு படுங்க."

அவள் சரிந்தாள். நர்ஸ் மிஸ் முதுகுக்குத் தலையணை கொடுத்தார். இப்போது அவள் முகம் என் பக்கம் இருந்தது. திரை அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வெள்ளை நகர்ந்தது. சுத்தமான வெள்ளை. இன்னும் நகர்ந்தது. நான் மூச்சை விட்டேன். கருவி விலாவுக்கு இடையில் ஏறி மேலே சாய்ந்தது.

டொக்டரம்மா விசையை அழுத்தினார்.

அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தார். குறி அதே இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே கறுப்பும் இருந்தது. மகள் என் சட்டையைப் பிடித்தாள்.

"என்னாங்க" என்றாள் மனைவி. "எத்தன?"

டொக்டரம்மாவைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள். பார்க்கிற வேலை என்னுடையது. நான் முதலில் இருந்து எண்ணியிருந்தேன். திரும்பவும் எண்ணினேன்.

நான்கு.